காது குத்திய வண்டி

ஹெப்பகோடி, ஆகஸ்ட் 9, 2025, சனிக்கிழமை

நாளைய தினம் பிரதம மந்திரி வந்து பெங்களூரின் மஞ்சள் தட மெட்ரோவைத் தொடங்கி வைக்கப் போகிறார் என்பதனால் ஊரெல்லாம் அந்தப் பேச்சாக இருக்க, நானோ ஓசூர் சாலையிலிருந்து இரண்டு சந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில், என் பழைய பஜேரோவுக்கு அலங்காரம் செய்விக்கும் விஷயமாக ஒரு முழுப் பகலையும் செலவழித்துவிட்டு வந்தேன். "இந்த வயசுல இதுக்கு எதுக்குங்க நகை?" என்று கேட்டாள் மனைவி. வயது என்று அவள் சொன்னது வண்டியைத்தானா என்று நான் விசாரிக்கவில்லை.

வண்டி 2008-ஆம் வருஷத்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் திருவள்ளூர் ஆலையில் பூட்டி விற்றது. ஜப்பானில் இந்த உருவம் 1991-இலேயே வெளிவந்துவிட்டபடியால், என்னிடம் இருப்பது பிறக்கும்போதே 17 வயதான குழந்தை என்றுதான் சொல்ல வேண்டும். தென்னமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் பெயரை இதற்கு வைத்தார்கள். ஸ்பானிஷ் பேசும் தேசங்களில் அந்தச் சொல்லுக்குச் சபையில் சொல்லத்தகாத அர்த்தம் ஒன்றும் உண்டாகையால், அங்கெல்லாம் மொன்டேரோ என்று வேறு பெயரில் அனுப்ப நேர்ந்தது. டாக்கர் பந்தயத்தில் 1985 முதல் 2007 வரை 12 தடவை ஜெயித்த கீர்த்தி இந்த வம்சத்துக்கு உண்டு. ஆனால் நம் ஜில்லாக்களில் இதற்கு மதிப்பை ஏற்றியது பாலைவனத்தைக் கடந்த பிரதாபம் அல்ல, கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற தோரணை.

எனக்கு முன் இதை வைத்திருந்தவர், எல்லைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஏதோ ஒரு கட்சியில் நடுத்தரமான செல்வாக்கு உடையவராக இருந்தார் என்பதை அவர் சொல்லாமலே வண்டி சொல்லிற்று. பின் கதவில் பளபளத்த பட்டையைப் பட்டறைத் தம்பி நெம்பி எடுத்தபோது, அதன் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, விரல் பட்டதும் செம்பொடியாக உதிர்ந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளை. அதிகம் பேசுகிறவன் அல்லன். "எத்தனை இடத்துல காது குத்தியிருக்கான் பாருங்க சார்" என்றான். கூரையில் விளக்கு வைத்த துளைகள், படிக்கட்டுக்கு, மட்ஃப்ளாப்புக்கு, முன்புறம் கொடிக்கம்பிக்கு என்று எண்ணிக்கொண்டே போனோம், 19 ஆயிற்று.

ஆலையில் தகட்டை மூழ்க வைத்துப் பூசி அனுப்பும் காப்பு, துரப்பணம் இறங்கிய கணத்தில் அந்தத் துளையின் விளிம்பிலே இல்லாமல் போகிறது. அங்கே இரும்புத் திருகைச் செலுத்தி, மேலே ஒரு ஸ்பஞ்சுப் பட்டையையும் வைத்து மூடிவிட்டால், ஒவ்வொரு மழையிலும் குடித்த தண்ணீரை அது வெயில் வந்த பின்னும் தகட்டோடு அணைத்து வைத்திருக்கிறது. அலங்காரம் வெளியே மின்ன மின்ன, உள்ளே துரு பெருகும். ஆகவே இனி இந்த வண்டிக்கு ஒரு துளையும் இடுவதில்லை, ஒட்டக்கூடியதை மட்டுமே ஒட்டுவது என்று தம்பியும் நானும் ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

ஆகஸ்ட் 13, புதன்

'பயோகான் ஹெப்பகோடி' என்று பெயர் எழுதிய புது நிலையத்தில் ஏறினேன். 25 நிமிஷத்துக்கு ஒரு ரயில்தான் என்றாலும், சில்க் போர்டு சந்திப்பை வாழ்நாளில் முதல் தடவையாக வசைமொழி ஏதுமின்றிக் கடந்தேன். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மார்க்கெட்டில் இறங்கி, ஜே.சி. ரோட்டுக்கு நடந்தேன்.

அந்தச் சாலையில் ஸ்கார்பியோவுக்கும் ஃபார்ச்சூனருக்கும் தாருக்கும் கிடைக்காத ஆபரணம் இல்லை, என் வண்டியின் பெயரைச் சொன்னவுடன் மாத்திரம், காலமானவரை விசாரிக்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "ஹளே மாடலா சார்?" என்கிறார்கள். ஏழாவது கடையில், பரணிலிருந்து கன்னடப் பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம் இறங்கிற்று. கதவுப்பிடிகளுக்குக் குரோம் உறை, ஜன்னல்களுக்கு டோர் வைசர், ஸ்டெப்னிக்கு ஒரு எவர்சில்வர் மூடி. உறை உண்மையில் பிளாஸ்டிக்தான். அதன்மேல் செம்பு, பிறகு நிக்கல், கடைசியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகக் குரோமியம். முகம் தெரியும் பளபளப்பை நல்குவது நிக்கல். அது மங்காமல் காவல் நிற்பது குரோமியம். பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது காவல்காரன்!

முன்பக்கத்துக்கு இரும்புக் காப்புச் சட்டமும் தருகிறேன் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். அது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாகாணங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகத்தைத் தான் நசுங்கித் தாங்கிக்கொள்ள வேண்டிய முன்பாகத்தை நசுங்கவிடாமல், அடியை நேரே வண்டியின் அடிச்சட்டத்துக்கும் உள்ளே இருப்பவருக்கும் கடத்துவது அந்த இரும்பு. எதிரே நடந்து வருகிறவரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலிலேயே தடுத்தாயிற்று. இரண்டும் இல்லாத பெரிய மனிதர் யார் என்று கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒட்டும் வேலை பார்வைக்குச் சிறியது. தம்பி ஒவ்வொரு பிடியையும் முதலில் சோப்பு நீரால், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விரல் ரேகைகூடப் படாமல் காயவிட்டு, ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, டபுள் டேப்பின் சிவப்புத் தாளை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தபடியே உறையை இறக்கிக் கட்டை விரலால் அரை நிமிஷம் அழுத்தினான். அக்ரிலிக் நுரையாலான அந்த டேப் முழுப் பிடிமானம் அடைய 72 மணி நேரம் வேண்டுமாம். "மூணு நாளைக்குத் தண்ணி காட்டாதீங்க சார்."

நாலு பிடியும் கச்சிதமாக முடிந்ததைக் கண்ட உற்சாகத்தில், இடது பின் ஜன்னலின் வைசரை நானே ஒட்டுகிறேன் என்று வாங்கினேன். ஒட்டியது ஒட்டியதுதான், நகர்த்த இயலாது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் என் கை முந்திவிட்டது. இன்று முதல் அந்த வைசர் பின்பக்கம் அரை விரற்கடை இறங்கி, ஒரு புருவத்தை உயர்த்திப் பரிகாசம் செய்கிற முகமாக வண்டியை ஆக்கிவிட்டது.

ஸ்டெப்னி மூடியோ மூடவே இல்லை. பழைய சொந்தக்காரர் கம்பீரத்தை முன்னிட்டு ஒரு அளவு பெரிய டயரைப் போட்டிருக்கிறார். அதை அளக்காமல் போனது என் குற்றம். மூடி இப்போது மொட்டை மாடியில் இருக்கிறது. மனைவி அதில் கூழ் வடகம் பிழிந்து காய வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 27, விநாயக சதுர்த்தி

ராத்திரி நல்ல மழை. காலையில் நாலு பிடிகளையும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

துளைகளை அடைக்கும் காரியம் இன்றோடு பூர்த்தியாயிற்று. துருவைச் சுரண்டி, வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, சிறு துண்டு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசி, பிரைமரும் பெயிண்டும் அடித்ததற்கு ஆன செலவு, ஆபரணங்களுக்கு ஆனதைப் போல் ஆறு பங்கு. வேலை முடிந்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை என்பதால், பார்க்கிறவர்கள் எல்லாரும் கதவுப்பிடியைத்தான் மெச்சுகிறார்கள்.

17 துளைகள் மறைந்தன. முன்புறம் கொடிக்கம்பி நின்ற இரண்டு மட்டும் மீதி. அந்த மனிதர் அதை மாத்திரம் அக்கறையாகச் செய்வித்திருக்கிறார். உள்ளே நட்டு வைத்துப் பற்றவைத்து, ரப்பர் வாஷரும் இட்டிருந்ததனால் அங்கே ஒரு பொட்டுத் துரு இல்லை. "இதையும் அடைச்சிடவா சார்?" என்று தம்பி கேட்டதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

பொம்மசந்திரா வரை சாலையின் இருபுறமும் சாமந்தியும் பூசணியும் குவிந்து கிடக்கின்றன. வாங்கி வந்த இரண்டு வாழைக்கன்றுகளையும் எங்கே கட்டுவது என்று கயிறும் கையுமாக நான் வண்டியைச் சுற்றிக்கொண்டிருக்க, மனைவிதான் அந்த இரண்டு துளைகளையும் காட்டினாள். ஓர் ஆணியைக் கொக்கியாக வளைத்துச் செருகிக் கட்டியதில் கன்றுகள் ஆடாமல் அசையாமல் நின்றன. சந்தனமும் குங்குமமும் வைத்து, தெருமுனையில் பூசணிக்காயை உடைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, ஒரு சுற்றுப் போய்வரப் புறப்பட்டோம். முதல் வேகத்தடையில் டாஷ்போர்டின் சாய்வுமானி ஒரு தரம் தலையாட்டிற்று. குடியிருப்பின் வாயிலில் இருந்த காவற்காரர், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், இரண்டு வாழையையும் அவை நின்ற இடத்தையும் கவனித்துப் பார்த்துவிட்டு, சல்யூட் அடித்து, "முன்னாடி எந்தக் கட்சியில சார் இருந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.