க்யூவில் நிற்கும் மீன்

பிச்சாவரம் போயிருப்பீர்கள். போகாதவர்களும் 'இதயக்கனி' படத்தில் அந்தச் சுரபுன்னைக் காட்டைப் பார்த்திருப்பீர்கள். போன முறை நாங்கள் படகில் போனபோது நண்பரின் பையன் படகுக்காரரைக் கேட்டான்: "அண்ணே, இங்க நெமோ இருக்கா?"

"அதெல்லாம் இங்க ஏது தம்பி! இறால், நண்டு வேணா இருக்கு."

சரியான பதில். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நெமோ' படத்தின் ஹீரோவான அந்த ஆரஞ்சு கலர் கோமாளி மீனுக்குத் தெளிந்த தண்ணீரும் பவளப் பாறையும் வேண்டும். பிச்சாவரமோ வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற சேற்றுக் காடு. கோமாளி மீன் ஜாதியைத் தேடி மன்னார் வளைகுடா வரை போக வேண்டும்.

ஆனால் ஒரு விசேஷம். இந்தக் காட்டுக்கு வடக்கே, வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் இந்த மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். அதுவும் கடலைவிட உப்புக் குறைந்த கழிமுகத் தண்ணீரில்! இது ஏன் பெரிய சமாசாரம் என்று புரிய, மீனின் குடும்ப விவகாரத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

கோமாளி மீன் குடியிருப்பது கடல் சாமந்தி என்ற, பூ மாதிரி இருக்கிற ஒரு பிராணியின் நடுவில். தொட்டால் மற்ற மீன்களுக்கு விஷம். இவருக்கு மட்டும் உடம்பில் பூசிய வழவழப்பு ஒரு ரெயின்கோட். வீட்டு வாடகைக்குப் பதில், சாமந்தியைக் கடிக்க வருகிற மீன்களை விரட்டுவார். இவருடைய கழிவு சாமந்திக்கு உரம்.

ஒரு சாமந்தியில் நாலைந்து மீன் இருக்கும். இருப்பதிலேயே பெரியது பெண். அடுத்தது அவளுடைய புருஷன். மற்றதெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். பெண் செத்துப்போனால் புருஷனே பெண்ணாக மாறிவிடுவார். லிஸ்ட்டில் முதல் ஆள் புருஷனாக பிரமோஷன். (படத்தில் நெமோவின் அம்மா செத்துப்போகிறாள் அல்லவா? நிஜமாக இருந்தால் அப்பாவே அம்மாவாகியிருப்பார். டிஸ்னி அந்தப் பக்கமே போகவில்லை!)

நான் பி.காம். அதனால் இவர்களுடைய நிர்வாகம்தான் எனக்கு சுவாரஸ்யம். பீட்டர் பஸ்டன் என்ற விஞ்ஞானி பாப்புவா நியூ கினியில் அளந்து பார்த்து 2003-ல் எழுதினார்: ஒவ்வொரு மீனும் தனக்கு மேலே இருப்பவரின் அளவில் சுமார் 80 சதவிகிதத்துக்குள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. மீறி வளர்ந்தால் சண்டை, வெளியேற்றம். இத்தனைக்கும் இவர்கள் சொந்தக்காரர்கள் கிடையாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு பத்துப் பன்னிரண்டு நாள் கடலில் மிதந்து, கிடைத்த சாமந்தியில் வந்து ஒட்டிக்கொள்ளும். பெண் மீன் 30 வருஷம்வரைகூட வாழும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. க்யூ எவ்வளவு நீளம் பாருங்கள்!

முட்டையைக் காப்பதும் பெரும்பாலும் அப்பாதான். துடுப்பால் விசிறி, கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கித் தின்று, ஒரு வாரம் காவல். குஞ்சு பொரிப்பது இருட்டிய பிறகு.

இப்போது வலையோடு ஒருவர் முக்குளித்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுவது பெரிய மீன், அதாவது பெண். அவளைத் தூக்கிவிட்டால், புருஷன் பெண்ணாக மாறி அடுத்த ஜோடி சேரும்வரை அந்த வீட்டில் முட்டை கிடையாது. சாமந்தியையும் பெயர்த்துப் போனால் மிச்ச மீன்கள் மற்றவர்களுக்குச் சாப்பாடு. உலகத்தில் விற்கிற கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்னமும் கடலில் பிடித்தவைதான். பண்ணையில் பிறந்து கடைக்கு வருகிற சில ஜாதிகளில் கோமாளி மீனும் ஒன்று. அதற்குப் பின்னால் ஏகப்பட்ட உழைப்பு. தொட்டியில் முட்டை வைக்க ஓடோ சட்டியோ போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளைத் தனியாக வளர்த்துக் குஞ்சுக்கு ஊட்ட வேண்டும். முதல் சில நாட்களில்தான் நிறைய செத்துப்போகும்.

சென்னையில் ஒரு கடையில் விசாரித்தேன். "இது கடல்ல பிடிச்சதா, பண்ணையில பொரிச்சதா?"

கடைக்காரர் முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், "பண்ணைதான் சார். பிடிச்சது புது இடத்துல சரியா சாப்பிடாது" என்றார்.

"ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு கிடைக்குமா?"

"எதுக்கு சார்? சின்னதா ரெண்டு எடுத்துட்டுப் போங்க. யாரு பொண்ணுன்னு அதுங்களே முடிவு பண்ணிக்கும்."