தேர் திரும்பும் முனை

சிதம்பரம் மேலவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். நான்கு மேசை, ஒரு இன்வெர்ட்டர். கடலூர் மீனை வீடு வீடாகக் கொடுக்கும் ஒரு வலைத்தளத்தை இங்கிருந்துதான் பார்த்துக்கொள்கிறார்கள். முகவரி முழுவதும் டேட்டாபேஸில் ஒரே கட்டத்தில் கிடந்தது. தெரு, ஊர், பின்கோடு என்று அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். 607001 கடலூர் வண்டிக்கு, 608001 சிதம்பரம் வண்டிக்கு. வேலை இவ்வளவுதான், திட்டம் மூன்று வாரத்துக்கு.

“மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் இருக்கிறதே, அப்போது சாத்திவிட்டுச் செய்யலாமே?” என்றேன்.

“தடை விசைப்படகுக்குத்தான் சார். நாட்டுப்படகு மீன் அப்பவும் வரும், ஆர்டரும் வரும்” என்றார் குழுவை நடத்தும் பெண்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் பட்ட அடியைச் சொன்னார். யாரோ மாதக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் டேபிளை மாற்றும் கட்டளையை ஓட்டிவிட்டார். அதற்கு டேபிள் முழுவதும் தன் பூட்டுக்குள் வர வேண்டும். கணக்கு முடியட்டும் என்று அது காத்து நிற்க, பின்னால் வந்த எல்லாரும், சும்மா படிக்க வந்தவர்கள்கூட, வரிசையில் சிக்கினார்கள். தளம் உறைந்தது.

சன்னலுக்கு வெளியே கைகாட்டினார். “ஆனித் திருமஞ்சனத்துக்கு இந்த வழியாத்தான் தேர் வரும். முனையில ஒரு வண்டி நின்னா தேர் நிக்கும். தேர் நின்னா பின்னால சைக்கிள்கூடப் போக முடியாது.”

அதனால் இங்கே புதுக் கட்டங்களைச் சேர்க்கும் கட்டளைக்கு முன் ஒரு வரி: பூட்டுக்காக இரண்டு விநாடிக்கு மேல் காத்திருக்காதே. முதல் முறை பூட்டு கிடைக்கவில்லை. கட்டளை தானே விலகியது. “விடு தம்பி, கொஞ்சம் பொறுத்துப் போடு” என்றார், கட்டளையை ஓட்டிய இளைஞனிடம். இரண்டாம் முறை கண் இமைப்பதற்குள் முடிந்தது. முன்பெல்லாம் ஆரம்ப மதிப்போடு புதுக் கட்டம் சேர்த்தால், இவர்களுடைய டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் டேபிளையே திரும்ப எழுதும். 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து, மதிப்பு மாறாத ஒன்றாக இருந்தால் அந்தப் பாடு இல்லை. பூட்டு மட்டும் இன்றும் வேண்டும்.

இனி வரும் ஆர்டர் பழைய கட்டம், புதுக் கட்டம் இரண்டிலும் பதிவாகும். பழைய வரிகளை ஆயிரம் ஆயிரமாக, இடையே மூச்சு விட்டு நிரப்புகிறார்கள். அங்கேதான் ஊர் தெரிந்தவர் தேவைப்படுகிறார்: ‘கடலூர்-1’ என்று மட்டும் எழுதியவருக்கு 607001 என்று நிரலுக்கு யார் சொல்வது? அப்படிப்பட்ட வரிகளைத் தம்பி தனியே எடுத்துக் கையால் திருத்துகிறான். விடுபட்டவை பூஜ்யமான பிறகே தளம் புதுக் கட்டத்தைப் படிக்கும். பழையதை அழிப்பது கடைசி வாரம். அதுவரை எந்தப் படியிலும் பின்வாங்கலாம், அழித்தபின் முடியாது. ஆகவே அன்று பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இருவராக உட்கார்ந்துதான் அழிப்பார்கள்.

கீழே இறங்கி வீதி முனையில் நின்றேன். காரியத்தைக் கெடுப்பவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்கிறோம். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரோ சக்கரத்தை ஒட்டியே நடப்பவர். இந்த முனையில் தேர் திரும்புவது அவர் கையில்.