தாளிக்காத கடுகு

அமிர்தசரஸிலிருந்து அட்டாரி போகும் சாலையை விட்டு இறங்கினால், கோதுமைப் பச்சைக்கு நடுவே நடுவே கடுகின் மஞ்சள். ஜனவரிப் பனி விலகவே பத்து மணி ஆகிவிட்டது. அக்டோபரில் விதைத்தது இடுப்புயரம் நிற்கிறது.

நான் போயிருந்த வீட்டுக்காரம்மாவை ஊரே 'பீபிஜி' என்கிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். பூத்துக் குலுங்கும் செடிகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டு விரியாத இளந்தண்டாகத் தேடி விரலால் மடக்குகிறார். பட்டென்று ஒடிந்தால் கூடைக்கு. நார் இழுத்தால் எருமைக்கு. "தின்னு பாரு, பிள்ளே" என்று ஒரு துண்டை நீட்டினார். முதலில் முள்ளங்கித் தண்டு மாதிரி இனிப்பு, அப்புறம் மூக்குக்கு ஏறியது காரம்.

தனிக் கடுகுக்கீரை கசக்கும். அதனால் பாலக்கும், வயலில் தானாக முளைக்கும் சக்கரவர்த்திக் கீரையும் சேர்கின்றன. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயோடு வறட்டித் தணலில் மணிக்கணக்கில் வேகிறது. பிறகு மர மத்தால் கடைசல். தண்ணீர் பிரியாமலிருக்க மக்காச்சோள மாவைத் தூவி, மறுபடியும் கடைகிறார். கடைசியில் நெய்யில் இஞ்சி, வெங்காயம், வரமிளகாய் தாளிப்பு. நான் எட்டி எட்டிப் பார்த்தேன், அதில் கடுகு இல்லை!

நாமோ அதை வெடிக்க வைப்பதோடு சரி. கடுகுக்குள் சினிக்ரின் ஒரு பக்கம், மைரோசினேஸ் என்ற நொதி ஒரு பக்கம் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கி ஈரம் பட்டால்தான் இரண்டும் கலந்து காரம் பிறக்கும். காய்ந்த எண்ணெயில் விழுந்தால் நொதி செத்துவிடும், மிஞ்சுவது வாசனைதான். தயிர்ப் பச்சடிக்குப் பச்சைக் கடுகை அரைத்துவிடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

பறிக்காமல் விட்ட செடிகள் மார்ச்சில் விதையாகி, செக்குக்குப் போகும். பிண்ணாக்கு எருமைக்கு. அந்த எருமை தந்த வெண்ணெய்தான் கீரை மேல் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. கூடவே கையால் தட்டிய மக்காச்சோள ரொட்டி, ஒரு துண்டு வெல்லம். இந்த ரொட்டி ஆறினால் விறைத்துப்போகிறது. பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு அது சரிப்படாது.

மொட்டைமாடி வெயிலில் ஒரு பீங்கான் ஜாடி. உள்ளே கறுப்புக் கேரட், உப்பு, மிளகாய்த்தூள், கொரகொரவென்று பொடித்த கடுகு, தண்ணீர். சில நாளில் புளித்து 'காஞ்சி' என்ற பானமாகிவிடும். சாப்பாடு முடிந்ததும் பீபிஜி ஒரு டம்ளர் ஊற்றித் தந்தார். கத்தரிப்பூ நிறம். புளிப்பு, உப்பு, கடைசியில் மூக்கில் சுரீர். இரண்டாவது டம்ளரை நானே கேட்டு வாங்கினேன்.