தங்கவயலில் சின்னவருடைய முதல் கிறிஸ்துமஸ்

கோலார் தங்கவயல் என்று சொன்னால், பெங்களூரிலுள்ள எங்கள் சபை வாலிபர்களுக்கு 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படந்தான் நினைவுக்கு வருகிறது. நான் அதைப் பார்த்ததில்லை. சுவரொட்டியில் கண்ட தாடி மாத்திரமே எனக்குத் தெரியும். எனக்குத் தங்கவயல் என்பது என் மனைவி பிறந்து வளர்ந்த ஊர். சாம்பியன் ரீஃப் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றுதான் என் மாமனார் வீடு. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எட்டு மாதக் கைக்குழந்தையோடு நாங்கள் அங்கே போய்வந்ததைத்தான் இங்கு எழுதுகிறேன்.

கைக்குழந்தை யாருடையது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இரயிலில் ஏறியது முதல் எல்லாரும் அதையே கேட்டார்கள். குழந்தை எங்களுடையதே. எங்களுக்குத் திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின், என் ஐம்பத்திரண்டாம் வயதிலும் என் மனைவியின் நாற்பத்து நாலாம் வயதிலும் கர்த்தர் இவனைத் தந்தார். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் சபையில் எத்தனையோ குழந்தைகளைக் கையில் ஏந்திப் பிரதிஷ்டை செய்து ஜெபித்திருக்கிறேன். ஜெபம் முடிந்ததும் குழந்தையைத் தாயினிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது எவ்வளவு பெரிய சிலாக்கியம் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. இவனை யாரிடத்தில் திருப்பிக் கொடுப்பது? பெயர் வைக்கும் நாளில் விசுவாசிகளில் பாதிப்பேர் ஈசாக்கு என்றும், மீதிப்பேர் சாமுவேல் என்றும் சொன்னார்கள். நாங்கள் வேறொரு பெயரை வைத்தோம். ஆனாலும் சபையார் அவனை 'சின்ன பாஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். வீட்டில் அவன் சின்னவர்.

டிசம்பர் 24, செவ்வாய்க்கிழமை மாலை. கண்டோன்மென்ட் நிலையத்தில் மாரிக்குப்பம் இரயிலில் ஏறினோம். இந்த இரயிலைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், அந்த ஊருக்குப் பிழைப்பு என்பது இந்தத் தண்டவாளந்தான். விடியற்காலை இருட்டிலே புறப்பட்டு, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, பெங்களூரில் நாள் முழுதும் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். பாட்டனார் பூமிக்குக் கீழே இறங்கினார். பேரன் இரயிலில் ஏறுகிறான். இருவரும் சூரியனைக் காண்பது ஞாயிற்றுக்கிழமையில்தான் என்று என் மைத்துனர் சொல்லிச் சிரிப்பார்.

பண்டிகைக்கு முந்தின மாலையானபடியால் பெட்டியில் நிற்கவும் இடமில்லை. ஆனாலும் குழந்தையைக் கண்டவுடன் ஜன்னலோரம் இருந்த ஒரு வாலிபன் எழுந்து, "உக்காருங்க தாத்தா, பேரனுக்குக் காத்து வேணும்" என்றான். என் மனைவி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஒயிட்ஃபீல்டு வருமுன் மூன்று பேர் என்னைத் தாத்தாவாக்கினார்கள். மாலூர் தாண்டியபின் ஒரு அம்மாள், "மகளுக்குப் பிள்ளையா, மகனுக்குப் பிள்ளையா?" என்று கேட்டபோது, "எனக்கே பிள்ளைதானம்மா" என்றேன். அவர் என் நரைத்த தலையை ஒருதரம் பார்த்தார், என் மனைவியை ஒருதரம் பார்த்தார். பிறகு எதிரிலிருந்த தம் தங்கைக்குத் தெலுங்கிலே விளக்கம் சொன்னார். நீண்ட விளக்கம். ஆபிரகாம் நூறு வயதில் எந்த இரயிலிலும் ஏற நேரவில்லை என்பது அவருடைய பாக்கியம்.

இதற்கிடையில் சின்னவர் என் கண்ணாடியைப் பிடுங்கினார். மறுநாள் ஆராதனைக்காக நான் எழுதி வைத்திருந்த செய்திக் குறிப்பில் ஒரு மூலையைத் தின்றார். அந்த மூலையிலேதான் மூன்றாவது பகுதி இருந்தது.

பங்காருப்பேட்டையில் கிளைப் பாதை பிரிகிறது. அங்கிருந்து குளிர் தொடங்கிவிடும். மேட்டுநிலத்துக் குளிர் அது. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, காலுறை, குரங்குக் குல்லா எல்லாம் போட்டபின் சின்னவருடைய மூக்கு மாத்திரம் வெளியே தெரிந்தது. இருட்டில் சயனைடு மேடுகள் மலைபோலத் தெரிந்தன. தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கல்மாவை நூறாண்டுக்கு மேலாகக் கொட்டிக் கொட்டி உண்டான மேடுகள் அவை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து தொழிலைப் பெரிதாக்கினார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் ஜனங்கள் கூட்டங்கூட்டமாய் வந்து இறங்கினார்கள். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து இவ்வூருக்கு மின்சாரம் வந்தது. பெரிய நகரங்கள் பலவும் விளக்கெண்ணெயில் இருந்த காலம் அது. ஆனால் அந்த மின்சாரம் இயந்திரங்களுக்காக வந்தது. லைன் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு வெகுகாலம் எரிந்தது என்று என் மாமியார் சொல்லுவார்கள்.

மாமனார் 1970-ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார். மூடும் நாள்வரையிலும், முப்பத்தோரு ஆண்டுகள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் உழைத்தார். அந்தச் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பரணிலுள்ள பாத்திரங்கள் அதிரும். அதிர்ந்தவுடன் பெண்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவார்கள். எந்தப் பக்கத்துச் சுரங்கம் என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். என் மனைவி சிறுபிள்ளையாய் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது ஓய்வுநாள் பள்ளியில் அல்ல, அப்படிப்பட்ட இரவுகளில் என்பாள்.

வீட்டை அடைந்தபோது உள்ளே பதினான்கு பேர் இருந்தார்கள். வீடு என்பது ஒரு அறையும் ஒரு சமையல் தடுப்பும் ஒரு திண்ணையுமே. ஓசூரிலிருந்து மைத்துனர் குடும்பம், சென்னையிலிருந்து மனைவியின் தங்கை குடும்பம், அவர்கள் கொண்டுவந்த பெட்டிகள், அச்சு முறுக்கும் கல்கலாவும் நிறைந்த டின்கள். குழந்தையைக் கிடத்த இடம் தேடினோம். கடைசியில் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு பெரிய பிரம்புக்கூடையில் பழைய புடவையை மடித்துப் போட்டு மாமியார் அவனைக் கிடத்தினார்கள்.

வேதாகமக் கல்லூரியில் எங்கள் கிரேக்க ஆசிரியர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. லூக்கா 2:7-இல் சத்திரம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்திலுள்ள சொல் 'கட்டாலுமா'. லூக்கா 22:11-இல் ஆண்டவர் பஸ்காவைப் புசிக்கக் கேட்ட விருந்தினர் அறைக்கும் இதே சொல்தான். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த கட்டணச் சத்திரத்துக்கோ லூக்கா 'பந்தோகெயோன்' என்ற வேறு சொல்லை எழுதுகிறார். ஆகவே யோசேப்பையும் மரியாளையும் எந்தச் சத்திரக்காரனும் துரத்தாமலிருந்திருக்கலாம். உறவினர் வீட்டில் விருந்தினர் அறை நிறைந்திருந்தபடியால், ஆடுமாடு கட்டும் பக்கத்தில் முன்னணையிலே பிள்ளையைக் கிடத்தியிருக்கலாம் என்று பல வேத அறிஞர்கள் கருதுகிறார்கள். நான் இதைப் பலமுறை போதித்திருக்கிறேன். பதினான்கு பேர் நிறைந்த ஒற்றை அறையில், அரிசி மூட்டையோரத்துக் கூடையைப் பார்த்தபோது அந்த விளக்கம் எனக்கு இன்னும் பிடித்தமானதாயிற்று. ஞாயிறு பள்ளி நாடகங்களில் வருஷந்தோறும் சத்திரக்காரனாய் நடித்துத் திட்டு வாங்கும் பையன்கள் மேலும் இரக்கம் உண்டாயிற்று.

நம்முடைய பெந்தெகொஸ்தே வட்டத்தில் கிறிஸ்துமஸை ஆசரியாத சபைகளும் உண்டு. அவர்களுடைய காரணங்களை நான் அறிவேன், மதிக்கிறேன். எங்கள் சபையில் மரமும் இல்லை, கிறிஸ்துமஸ் தாத்தாவும் இல்லை. காலையில் ஆராதனை மாத்திரம். ஆனால் லைன் வீட்டில் அயலார் அனைவரும் ஒரே குடும்பம். இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்துச் சபை வாலிபர்கள் கேரல் பாட வந்தார்கள். அவர்களோடு பஞ்சுத்தாடி வைத்த தாத்தாவும் வந்து, சின்னவருடைய முகத்துக்கு நேரே குனிந்து மணியை ஆட்டினார். சின்னவர் ஒரு விநாடி பார்த்தார். பிறகு போட்ட கூச்சல் லைனின் கடைசி வீட்டுக்குக் கேட்டிருக்கும். தாத்தா பயந்துபோய்த் தாடியைக் கழற்றிக் காட்டினார். அழுகை இன்னும் அதிகமாயிற்று. கோட்பாட்டில் இவன் நம்மோடு ஒத்திருக்கிறான் என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

மற்றொரு காரியத்தில் எனக்கு வெற்றி கிட்டவில்லை. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதில்லை என்பது எங்கள் வீட்டுத் தீர்மானம். அடுத்த வீட்டு ஆயா மூன்றுதரம் மை டப்பியோடு வந்தார். மூன்றுதரமும் அன்போடு தடுத்தேன். நான் கை கழுவப் போய்வந்த நேரத்தில் சின்னவருடைய இடது கன்னத்தில் கருப்பு நிலா உதித்திருந்தது. துடைத்தேன். "துடைங்க பாஸ்டர், துடைங்க. நான் வெச்சது வெச்சதுதான்" என்றார் ஆயா.

இவ்வளவு சந்தடியிலும் ஒருவர் மாத்திரம் குழந்தையண்டை வரவில்லை. மாமனார் திண்ணையிலே, வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினெட்டு ஆண்டுகள் ஒவ்வொரு கடிதத்திலும், பிற்பாடு ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும், "ஏதாவது விசேஷமுண்டா?" என்று கேட்டவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், சிரித்தார். "உள்ளே கொண்டு போங்க, பனி" என்றார். அவ்வளவுதான்.

காரணத்தை மாமியார் சொன்னார்கள். கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் அவருக்கு உண்டு. அந்தத் தலைமுறையில் பலருக்கு உண்டு. அது தொற்றுநோயல்ல. ஆனால் அப்படிப்பட்ட நுரையீரலைக் காசநோய் எளிதாய்ப் பற்றும். அவருக்கும் சில ஆண்டுகளுக்கு முன் வந்து, முழுச் சிகிச்சையால் குணமாயிற்று. சளியில் கிருமி இல்லை என்று அந்த நவம்பரிலும் மருத்துவர் சொல்லியிருந்தார். மருத்துவர் சொன்னதை அவர் நம்பவில்லை. "பதினெட்டு வருஷம் கழிச்சு வந்த பிள்ளை. என் மூச்சு அதுமேல படக்கூடாது" என்று தீர்மானம் செய்திருந்தாராம். நானும் ஜெபித்துப் பேசிப் பார்த்தேன். மருத்துவச் சீட்டை எடுத்து வாசித்துக் காண்பித்தேன். "சரி மாப்பிள்ளை" என்றார், இடத்தைவிட்டு அசையவில்லை. என் மனைவி கூடையருகே உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள் என்பது தெரிந்தது.

இரவு இரண்டு மணிக்குச் சின்னவர் விழித்தார். ஆண்டவர் குழந்தையாய் அழவேயில்லை என்று பாடும் ஓர் ஆங்கிலக் கேரல் உண்டு. அதை எழுதியவர் வீட்டில் குழந்தை இருந்திருக்காது என்பது என் எண்ணம். லூக்கா அப்படி எழுதவில்லை. பால் கொடுத்தாயிற்று, ஓமத்தண்ணீர் கொடுத்தாயிற்று, தோளில் போட்டாயிற்று, பாட்டுப் பாடியாயிற்று, ஜெபித்தாயிற்று. பதினான்கு பேரும் எழுந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சுவருக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டாரும் யோசனை சொன்னார்கள். கடைசியில், மற்றவர்கள் தூங்கட்டும் என்று குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு நான் திண்ணைக்கு வந்தேன்.

மாமனார் விழித்திருந்தார். முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவருக்கு இரவில் தூக்கம் ஏது! துண்டைப் பொத்திக்கொண்டு திண்ணையின் மறுமூலைக்கு நகர்ந்தார். சின்னவர் அவரைப் பார்த்து இன்னும் உரக்கக் கத்தினான். பெரியவர் சற்று யோசித்தார். பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தம் மோதிரமில்லாத விரலால் தட்டினார். டண், டண், டண். சற்று நிறுத்தி மறுபடியும். சுரங்கத்தில் கேஜை ஏற்றவும் இறக்கவும் மணியடித்துச் சைகை கொடுப்பார்கள். ஆட்கள் ஏறினால் ஒரு கணக்கு, கல் ஏறினால் ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் தட்டினார். சின்னவர் வாயைத் திறந்தபடி அழுகையை நிறுத்தினான். மறுபடியும் தட்டினார். அவன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என் பிடியிலிருந்து முன்னே பாய்ந்தான். நான் விட்டிருந்தால் விழுந்திருப்பான். விழாதபடிக்கு மாமனார் பிடித்தார்.

பிடித்தவர் விடவில்லை. துண்டு கீழே விழுந்திருந்தது.

"இவன் நைட் ஷிஃப்ட் ஆளு மாப்பிள்ளை. நீங்க போய்ப் படுங்க" என்றார்.

நான் படுக்கவில்லை. கதவோரம் உட்கார்ந்து அரைமணி நேரம் அந்த டம்ளர் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவியும் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலை ஆராதனையில் செய்தி என்னுடையது. மூன்றாவது பகுதி தின்னப்பட்டுப் போனபடியால் இரண்டோடு முடித்தேன். செய்தி மிகவும் ஆசீர்வாதமாயிருந்தது என்று சபை மூப்பர் சொன்னார். வழக்கத்தைவிடக் குறுகியதாயிருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார். மாமனார் பின்வரிசையில் சின்னவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பிரசங்கித்ததில் ஒரு வார்த்தையும் அவர் கேட்டிருக்கமாட்டார்.

மறுநாள் விடியற்காலை புறப்படும் வேளையில் அவர் ஒரு சிறிய காகிதப் பொட்டலத்தை என் மனைவியின் கையில் வைத்தார். அரைப் பவுன் மோதிரம். எங்களுக்குத் திருமணமான ஆண்டில், தமக்குக் கிடைத்த ஈட்டுத் தொகையில் மிச்சமிருந்ததைக் கொண்டு, பிறக்கப்போகும் பேரனுக்காக ராபர்ட்சன்பேட்டையில் வாங்கி வைத்தாராம். நாங்கள் நகை அணிவதில்லை என்பதை அவர் அறிவார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் பேச்சு எழவில்லை. அவரே சொன்னார்: "போடவேணாம்மா, எனக்குத் தெரியும். பைபிள் உறையில வெச்சுக்கோ. முப்பது வருஷம் வெட்டினேன், ஒரு தூள் வீட்டுக்கு வந்ததில்ல. வாசல்ல சோதிச்சுதான் அனுப்புவான். இது தாத்தா வெட்டின தங்கமில்ல, தாத்தா காசு குடுத்து வாங்கின தங்கம்னு அவன்கிட்ட சொல்லணும்."

இரயில் நிரம்பி வழிந்தது. வேலைக்குப் போகிறவர்கள் நின்றுகொண்டே தூங்கினார்கள். சின்னவரும் தூங்கினான், பகலில் தூங்குவதில் அவன் தாத்தாவைக் கொண்டிருக்கிறான். டேக்கல் தாண்டி வெயில் ஏறியபின், காலுறையைத் தளர்த்தலாம் என்று என் மனைவி கழற்றினாள். இடது உள்ளங்காலில் கருப்புப் பொட்டு, வட்டமாய், அழுத்தமாய் இருந்தது. அடுத்த வீட்டு ஆயா அன்று காலையில் எழுந்திருக்கவேயில்லை. குழந்தைக்குக் காலுறை மாட்டியவர்கள் எங்கள் மாமியார். முப்பது ஆண்டு விசுவாசி. கைக்குட்டை என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் துடைத்தால் பிள்ளை விழித்துக்கொள்வான், ஒயிட்ஃபீல்டு வர இன்னும் வெகுநேரம் இருந்தது. காலுறையை மறுபடியும் மாட்டிவிடச் சொன்னேன்.