தாரிணி பிறந்த தீவு

பழைய கோவாவில் ஓடமேறி மாண்டவி ஆற்றைக் கடந்து திவார் தீவை அடைந்தோம். வயல்கள் சூழ்ந்த இவ்வூர்க் கப்பற்கூடத்திலேதான், 2017-இல் நம் கடற்படையிற் சேர்ந்த ‘தாரிணி’ என்னும் பாய்க்கப்பல் உருவாயிற்று. அதன் நீளம் 56 அடி. உடல், மரத்தைக் கண்ணாடியிழையாற் போர்த்தியது. ஆதலின் கனம் குறைவு, உறுதி மிகுதி. பக்கக் காற்றில் ஒருபுறம் சாய்ந்தே ஓடும். எனினும் அடியிற் பெருங்கனம் பொருத்தியிருப்பதால், நம் தஞ்சாவூர்ப் பொம்மைபோல் மீண்டும் நிமிரும்.

இக்குணத்தை நம்பியன்றோ, கடற்படை அதிகாரிகளான புதுவை ரூபாவும் கேரளத்துத் தில்னாவும், 2024 அக்டோபரில் இருவர் மட்டுமே புறப்பட்டு, சீற்றம் மிகுந்த ஹார்ன் முனையையும் கடந்து, உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா மீண்டனர்! விடுமுறையில் கோவா செல்லும் அன்பர்கள், தம் பெண்மக்களையும் இத்தீவிற்கு அழைத்துச் செல்வார்களாக.