நாலு நூல் தகடு

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமையேற்றிய பழைய பெட்ரோல் ஜீப்பில் அந்த வழியே போனவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். வளைவுக்குள் நுழைந்ததும் இரண்டாம் கியரில் எஞ்சின் திணறும். ஓட்டுநர் வண்டியை ஏறக்குறைய நிறுத்துவார். பல்லோடு பல் உரசிக் கரகரக்கும். அப்புறம்தான் முதல் கியர் விழும். அதுவரை எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பின்னால் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள், பெரும்பாலும் ஏலத்தோட்டக் கூலிவேலைக்குப் போகும் பெண்கள், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

இதில் ஓட்டுநரின் குறை எதுவும் இல்லை. அந்த ஜீப், வில்லிஸ் சி.ஜே.3பி, அமெரிக்காவில் 1953-ல் வந்த மாதிரி. 1940-களின் இறுதியிலிருந்தே வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டிக்கொண்டிருந்த மகிந்திரா, இதையும் பல ஆண்டுகள் செய்து விற்றது. அதன் டி-90 கியர் பாக்ஸில் முன்னோக்கிப் போக மூன்றே கியர்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் சிங்க்ரோ உண்டு, முதல் கியருக்குக் கிடையாது. சுழலும் இரண்டு பல்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும் சிங்க்ரோமெஷ் 1928-லேயே காடிலாக் காரில் வந்துவிட்டது. ஆனாலும் முதல் கியர் என்பது நின்ற வண்டியை நகர்த்த மட்டும்தான் என்று அன்றைக்கு எண்ணினார்கள். ஓடும்போதே அதற்கு இறங்க வேண்டுமென்றால் கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவே நியூட்ரலில் எஞ்சினை முடுக்கி, வேகம் ஒத்துவரும் கணத்தில் கியர் கம்பியைத் தள்ள வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கும் பத்தில் சில தடவை தவறும். போதாக்குறைக்கு முதல் கியரின் விகிதம் 2.8, இரண்டாவதன் விகிதம் 1.55. இந்த ஏற்றத்துக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

‘லோ’ போட்டு ஏறலாமே என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். இந்த ஜீப்பில் இழுப்பை இரண்டு ஆக்சிலுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், முன் ஆக்சிலைச் சேர்க்காமல் லோ விழாது. தார்ச் சாலையில் நான்கு சக்கரமும் இழுக்க, கொண்டை ஊசியில் திருப்பினால் ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும், டயர் தேயும், முன் ஆக்சிலின் ஜாயிண்ட் முறுக்கேறும். சேறும் கல்லுமான தோட்டப் பாதைக்குத்தான் அது சரி.

தேனிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இப்படிப்பட்ட ஜீப்புக்கு ஐந்து கியர் பாக்ஸ் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தகரக் கொட்டகை, செயின் பிளாக் தொங்கும் இரும்புச் சட்டம், எண்ணெய் குடித்துக் கறுத்த தரை. பட்டறையை நடத்துகிற மேஸ்திரிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஜீப் உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற ஒரு குடும்பத்துடையது. எஞ்சின் அசல் ஹரிக்கேன், 2,199 சி.சி. உள்ளே விடும் வால்வு மேலேயும் வெளியே விடும் வால்வு பக்கவாட்டிலும் இருக்கும் அமைப்பு அது. எஞ்சின் உயர்ந்துபோனதால்தான் இந்த மாதிரிக்கு மட்டும் பானெட் அவ்வளவு தூக்கலாக இருக்கிறது. ஏற்றப்போவது விபத்தில் அடிபட்ட பொலேரோவிலிருந்து கழற்றிய ஐந்து கியர் பாக்ஸ். ஐந்துக்கும் சிங்க்ரோ உண்டு, ஐந்தாவது ஓவர்டிரைவ்.

கழற்றும் முன் நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைக்கச் சொன்னார் மேஸ்திரி. ஜீப் தெரியாதவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். இதன் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயில் ஒரு டிரம், அதற்குள் பிரேக். அது பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும், ஷாஃப்ட் சக்கரத்தைப் பிடிக்கும். ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் கைபிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டி உருளும்.

கியர் பாக்ஸும் ஸ்பைசர்-18 டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தே இறங்கின. இரண்டுக்கும் நடுவில் தனி ஷாஃப்ட் கிடையாது. டி-90-இன் மெயின் ஷாஃப்ட் நீண்டு போய், டிரான்ஸ்ஃபர் கேஸின் முதல் பல்சக்கரம் அதன் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒன்றை மாற்றினால் மற்றதை அப்படியே விட முடியாது. டிரான்ஸ்ஃபர் கேஸையும் புதிதாகப் போட்டுவிட்டால் என்ன? பின்வாய் நடுவில் இருக்கும் கேஸ் கிடைத்தால் அது உதவாது. சி.ஜே.3பி-யில் முன்னும் பின்னும் கிரவுன் ஹவுசிங் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது, பழைய கேஸின் வாய்களும் அதற்கு நேராக வலப்பக்கம். ஆக்சில்களையும் மாற்றவேண்டி வரும், கடைசியில் பதிவுப் புத்தகம் மட்டும்தான் ஜீப்பாக மிஞ்சும். எனவே பழைய ஸ்பைசர் இருக்கும், அதன் முன்னால் புதிய கியர் பாக்ஸ் வரும் என்று முடிவு. ஸ்பீடோமீட்டர் கேபிளும் இந்த கேஸிலிருந்துதான் போகிறது என்பதால் அதைத் தொடவே வேண்டியதில்லை.

எஞ்சினின் பின்முகத்தில் உள்ள போல்ட் துளைகள் ஒரு கணக்கு, பொலேரோ பெல் ஹவுசிங்கின் துளைகள் வேறு கணக்கு. ஒன்று அங்குல போல்ட், மற்றது மெட்ரிக். நடுவில் ஒரு தகடு வர வேண்டும். நாலு நூல் கனத்தில், அதாவது அரை அங்குலத்தில், எம்.எஸ். தகடு. இரண்டு துளை வரிசையையும் அட்டையில் படியெடுத்து, தகட்டில் குறித்து, துளைபோட்டு, மரை வெட்டிவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெரிய வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றியது.

“தகடு அறுக்கிறது அரை நாள் வேலை தம்பி. அது நடுவுல உக்காந்துருக்கான்னு பாக்குறதுதான் வேலை.”

கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கிராங்க்கின் மையக் கோட்டிலேயே நிற்க வேண்டும். ஃப்ளைவீலில் காந்த அடியோடு டயல் கேஜை நிறுத்தி, அதன் மூக்கு பெல் ஹவுசிங்கின் உள்வட்டத்தைத் தொடும்படி வைத்தார். உதவியாளர் கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்றினார். ஒரு முழுச் சுற்றுக்குள் முள் 22 தௌ ஆடியது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தௌ. மையம் விலகியிருப்பது அந்த ஆட்டத்தில் பாதி. ஐந்து தௌவுக்குள் வந்தாக வேண்டும், அதாவது முள் பத்துக்கு மேல் ஆடக்கூடாது. போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, மரச் சுத்தியலால் ஒரு தட்டு. இறுக்கு. சுற்று. மறுபடி தளர்த்து. முள் 17-க்கு வந்தது, 19-க்கு ஏறியது, 12-க்கு இறங்கியது. சாப்பாட்டு நேரம் கடந்துபோனதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் எட்டு. அந்த நிலையிலேயே தகட்டையும் ஹவுசிங்கையும் சேர்த்துத் துளையிட்டு டவல் பின் அடித்தார்கள். இனி எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில்தான் உட்காரும்.

இதைச் செய்யாமல் மாட்டினாலும் வண்டி ஓடத்தான் செய்யும். சில மாதம் போனதும் இன்புட் பேரிங் ஊளையிடும், கிளட்ச் முழுதாக விடாது, போட்ட கியர் தானே நழுவும். குறை தகட்டில் இருக்க, பழி கியர் பாக்ஸ் மேல் விழும். அப்படிக் கெட்டுப்போய் இங்கே வந்து சேர்ந்த பெட்டிகள் சில பட்டறை மூலையில் கிடந்தன. கியர் மாற்றுகிறோம் என்று தெருவுக்குத் தெரு பலகை மாட்டியிருக்கிற காலத்தில், டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

தகட்டின் கனத்தால் கியர் பாக்ஸ் அரை அங்குலம் பின்னுக்குப் போய்விடுகிறது. இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு கிராங்க்கின் குழியில் உள்ள பைலட் புஷ்ஷுக்குள் போதிய அளவு நுழையாது. அதற்காக நீளம் கூட்டிய கன் மெட்டல் புஷ் ஒன்றைக் கடைந்து வாங்கினார்கள். கிளட்ச் பிளேட்டில், நடுவே உள்ள ஹப் புதிய ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைனுக்கு, வெளிவட்டம் பழைய பிரஷர் பிளேட்டுக்கு என்று இரண்டையும் சேர்த்து ரிவெட் அடித்தாயிற்று.

பின்பக்கத்துக்கு வேண்டியிருந்தது ஒரு சிறிய ஷாஃப்ட். ஒரு முனையில் உள்பல், அது பொலேரோவின் மெயின் ஷாஃப்ட்டைக் கவ்வும். மறுமுனையில் வெளிப்பல், அதன் மேல் ஸ்பைசரின் பழைய பல்சக்கரம் உட்காரும். இதைக் கடைந்தவர் தேனியில் லேத் வைத்திருக்கிறார், மேஸ்திரியை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறார். இ.என்.24 எஃகில் கடைசலை முடித்து, வெளிப்பல்லை மில்லிங்கில் எடுத்து, உள்பல்லை ஸ்லாட்டிங் மெஷினில் ஒவ்வொன்றாக வெட்டினார். ஒரு பல் வெட்டியதும் வேலையைக் குறித்த பாகை திருப்பி அடுத்தது. ஒவ்வொரு பல்லுக்கும் நீல மை தடவிப் பொருத்திப் பார்த்தார். மை எங்கே அழிகிறதோ அங்கே உராய்கிறது. எல்லாம் முடிந்து சூடேற்றிக் கடினமாக்கும்போது எஃகு லேசாகக் கோணும், அதற்கும் சேர்த்து முன்கூட்டியே இடம் விட வேண்டும். எவ்வளவு விடுவீர்கள் என்று கேட்டேன். பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். தேதி, எஃகின் பெயர், முன்னளவு, பின்னளவு. கெட்டுப்போன வேலைகளும் சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தன. நான் பார்த்த தொழில்நுட்ப நூல்கள் பலவற்றைவிட அந்த நோட்டு நேர்மையானது. அதற்கு இன்னொரு படி கிடையாது என்பது எனக்குக் கவலை தந்தது. கேட்டுக்கொண்டு பக்கங்களைப் படமெடுத்துக் கொடுத்தேன்.

ஜீப்பின் சக்கர இடைவெளி 80 அங்குலம்தான். கியர் பாக்ஸ் நீண்டால் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அந்த அளவுக்குக் குறுகும், குறுகக் குறுக அதன் சாய்வு கூடும். பட்டறையில் ‘கிராஸ்’ என்று சொல்லும் ஜாயிண்ட், சாய்ந்து சுற்றினால் ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். முன் ஜாயிண்ட்டும் பின் ஜாயிண்ட்டும் ஒரே கோணத்தில் இருந்தால்தான் ஒன்றின் கோளாறை மற்றது அடிக்கும். இரண்டு ஷாஃப்ட்டும் மதுரைக்குப் போயின, பின்னது குறுக்கி, முன்னது நீட்டி, பேலன்ஸ் பார்த்துத் திரும்பின.

சேசிஸில் எதையும் அறுக்கவில்லை, குறுக்குச் சட்டத்தைப் போல்ட் போட்டே மாட்டினார்கள். பழைய டி-90-ஐக் கழுவி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றித் தோட்ட வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் மேஸ்திரி. பேரன் காலத்தில் அசலாகவே வேண்டும் என்றால் மறுபடி மாட்டிவிடலாம். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எழுபது வருடம் உழைத்த வண்டியை வெட்டி ஒட்டிக் காட்சிப்பொருளாக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினையும் டீசலாக்கிவிடலாமா என்று வீட்டு இளையவர் கேட்டபோது மேஸ்திரி மறுத்துவிட்டார். பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. எஞ்சின் எண்ணும் எரிபொருளும் அந்தப் புத்தகத்தில் இருப்பவை.

ஓட்டிப் பார்க்கும் நாளில் ஆட்களை ஏற்றவில்லை, மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். தோட்டத்து ஓட்டுநர் பிடித்தார், நான் பக்கத்தில், மேஸ்திரி பின்னால். சமவெளியில் சொல்ல அதிகம் இல்லை. பழைய பெட்டியில் 5.38 விகிதக் கிரவுனோடு மணிக்கு 60 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,400 சுற்றும், ஐந்தாம் கியரில் அது குறைந்து பேச்சுக் கேட்டது. ஆனால் 50-ஐத் தாண்டியதும் தரை அதிர்ந்தது. திரும்பி வந்து கோணமானியை வைத்துப் பார்த்தார்கள். கியர் பாக்ஸின் வால் இரண்டு நூல் தாழ்ந்திருந்தது, முன் ஜாயிண்ட்டும் பின் ஜாயிண்ட்டும் ஒத்துவரவில்லை. ரப்பருக்கு அடியில் தகடு கொடுத்துத் தூக்கியதும் அதிர்வு போயிற்று.

பிறகு மலை. முதல் கொண்டை ஊசியில் ஓட்டுநர் பழக்கத்தில் வண்டியை நிறுத்தப் போனார். பின்னாலிருந்து மேஸ்திரி, “நிறுத்தாத, ஓட்டத்துலயே போடு” என்றார். கம்பி சத்தமில்லாமல் விழுந்தது. எஞ்சின் இழுப்பை விடாமல் வளைவைத் தாண்டினோம். அடுத்த வளைவில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதைத் தாண்டியதும் ஓட்டுநர், “இம்புட்டு வருசமா இதுக்குத்தானண்ணே தோளு நொந்துச்சு” என்றார்.

மெட்டில் தேநீர் குடிக்கும்போது, இனி வளைவில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் கிளீனர் குதித்து இறங்க வேண்டியதில்லையே, கட்டையை வீட்டில் போட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். மேஸ்திரி கிளாஸைக் கீழே வைத்தார்.

“கியர்தான்ப்பா மாத்திருக்கோம், கைபிரேக்கு அதேதான். இப்ப ஷாஃப்ட்டு கட்டையாயிருச்சு, சாய்வு கூடிருச்சு, கிராஸுக்கு முன்னைவிட வேலை ஜாஸ்தி. முதல் கியரும் பழசவிட இழுக்கும், அந்த இழுப்பு பூராம் பழைய கிரவுன்லதான் போயி விழும். கிராஸு ஒடஞ்சா ஓட்டமும் போச்சு, கைபிரேக்கும் போச்சு. வாராவாரம் கிரீஸ் அடி. மொதச் சுமை எறக்குனதும் தகட்டு போல்ட்டு எல்லாத்தையும் ஒருக்கா இறுக்கிப் பாரு. கட்டை வண்டியிலயே கெடக்கட்டும்.”

ஓட்டுநர் தலையாட்டிவிட்டு, கிரீஸ் கன் எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டார்.