பதவிக்குத் தகுதி எது? - ஒரு கடற்படைப் பொறியாளரின் பணிப்பதிவேடு

முப்பத்து சொச்சம் வருடம் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எங்கள் வேலையில் "தகுதி" என்பது படிவத்தில் ஒரு கட்டம். அதில் என்ன படிப்பு, எந்த ஆண்டு, எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத வேண்டும். கட்டம் நிரம்பினால் கோப்பு மேலே போகும். நிரம்பாவிட்டால் "தகுதியில்லை" என்று ஒரு வரி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

சில வருடங்களுக்கு முன் தில்லியில் தேசிய இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பெரிய பதவிக்கு, ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவிலிருந்து வந்த லெப்டினன்ட் ஜெனரல் ராஜேஷ் பந்த்தைப் போட்டார்கள். 2023-இல் அவருக்கு அடுத்து வந்த எம்.யு. நாயரும் அதே சிக்னல்ஸ் பிரிவுக்காரர். தொப்பூர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், "ஏன் சார், பட்டாளத்துல கம்பி இழுத்தவங்களுக்கு எதுக்கு இந்த நாற்காலி? ஐ.ஏ.எஸ். படிச்சவங்க இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நினைவு வந்தவர் நம் பொள்ளாச்சியில் பிறந்த ஒருவர்.

அவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பிறந்தது 1944-இல். படித்தது ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில். எங்கள் ஊரிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் தெரிகிற அதே சேர்வராயன் மலைதான். பதினைந்து வயதிலேயே தேசிய ராணுவக் கழகம் வழியாகக் கடற்படைக்குப் போய்விட்டார். லோனாவாலாவில் உள்ள கடற்படைப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். பிறகு தில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பி.வி. இந்திரேசனிடம் ஆராய்ச்சி செய்து, 1973-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். இந்திரேசன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.க்கு இயக்குநராக வந்தவர்.

இந்தப் படிப்புக்கு நடுவேதான் 1971 யுத்தம் வந்தது. டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, குஜராத் பக்கம் டையூவுக்கு அப்பால் நம்முடைய ஐ.என்.எஸ். குக்ரி என்ற போர்க்கப்பலை ஹங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடு முழுகினார். என் வயதுக்காரர்களுக்கு ரேடியோவில் அந்தச் செய்தி கேட்டது இன்னும் மறந்திருக்காது.

நீர்மூழ்கியைக் கண்ணால் பார்க்க முடியாது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கருவிதான் சோனார். கடல் அமைதியாக இருக்காது. அலை, மீன் கூட்டம், சொந்தக் கப்பலின் இயந்திரச் சத்தம் எல்லாம் சேர்ந்து காதை அடைக்கும். அந்த இரைச்சலில் எதிரியின் எதிரொலியைப் பிரித்து எடுப்பதுதான் கஷ்டம். யுத்தத்துக்குப் பிறகு, இருந்த சோனாரைத் திருத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. அதைச் செய்து முடித்தபின், புதிதாகவே ஒன்றைச் செய்யும் பொறுப்பும் அவரிடம் வந்தது. கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஒரு குழுவைச் சேர்த்து அவர் உருவாக்கிய அப்சோ என்ற சோனார், 1983 வாக்கில் நம் போர்க்கப்பலில் ஏறியது. வெளிநாட்டில் வாங்கியதல்ல, இங்கேயே செய்தது. அதி விசிஷ்ட சேவா பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

பிறகு பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு, ரோபோ ஆராய்ச்சிக்கென்று பாதுகாப்புத் துறை 1986-இல் தொடங்கிய மையத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். இன்று ஊரெல்லாம் பேசுகிற விஷயத்துக்கு அன்றே ஓர் அரசாங்க ஆபீஸ் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. 1991-இல் கமோடோர் பதவியில் இருக்கும்போது கடற்படையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அப்போது வயது 47. நம் ஆபீஸ்களில் அந்த வயதில் அடுத்த பதவி உயர்வுக்கான பட்டியலை எண்ணிக்கொண்டிருப்போம்.

அங்கே அவர் செய்ததை எங்கள் தொப்பூர் கணவாயை வைத்துச் சொல்கிறேன். இரட்டைப் பாலத்துப் பக்கம் லாரி ஹாரன் அடித்தால், சத்தம் இந்த மலையிலும் அந்த மலையிலும் பட்டு நாலு பக்கமிருந்தும் வரும். எந்த லாரி எங்கே வருகிறது என்று சட்டென்று சொல்ல முடியாது. ரேடியோ அலையும் அப்படித்தான். மலை, கட்டடம், மரம் எல்லாவற்றிலும் பட்டுச் சிதறி, பல வழிகளில் வந்து சேரும். இந்தச் சிதறல் ஒரு தொல்லை, எப்படியாவது ஒழிக்க வேண்டும் என்றுதான் பொறியாளர்கள் நினைத்திருந்தார்கள். பால்ராஜ் மாற்றி யோசித்தார். அனுப்பும் பக்கம் பல ஆன்டெனா, வாங்கும் பக்கம் பல ஆன்டெனா வைத்தால், அந்தச் சிதறலே உதவிக்கு வரும். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல செய்திகளைத் தனித்தனியாக அனுப்பிப் பிரித்து எடுக்கலாம். கடலுக்குள் பழகிய காது இங்கேயும் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றும்.

பேராசிரியர் தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து 1992-இல் விண்ணப்பித்தார். 1994-இல் காப்புரிமை கிடைத்தது. இது நடக்காது என்றவர்கள் உண்டு. அவர் சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, செய்து காட்டினார். "மைமோ" என்று சொல்கிற அந்த முறைதான் இன்று 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாவற்றிலும் இருக்கிறது. 2010-இல் பத்ம பூஷண், 2014-இல் மார்க்கோனி பரிசு. 2017-இல் இந்திய அரசு 5ஜிக்காக உயர்மட்டக் குழு அமைத்தபோது, அதன் வழிகாட்டுக் குழுவுக்குத் தலைவராக அவரைத்தான் அழைத்தது. 2018 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. 2022 அக்டோபரில் 5ஜி சேவை தொடங்கியது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பிரெஞ்சு வாத்தியாருக்கு நெப்போலியன் என்றால் உயிர். பாரிஸில் 1794-இல் தொடங்கிய எக்கோல் பொலிடெக்னிக் பள்ளியை 1804-இல் ராணுவப் பள்ளியாக்கியவர் அவர்தான் என்று பெருமையாகச் சொல்வார். அது இன்றும் அங்கே பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. அங்கே படித்த பொறியாளர்கள் ரயில்வே, தபால் தந்தி, சுரங்கம் என்று அரசாங்கத் துறைகளின் தலைமைக்கு வருவது அந்த நாட்டில் சகஜம். அப்படிப் படித்து ராணுவத் தந்திப் பிரிவுக்குப் போனவர் குஸ்தாவ் ஃபெரியே. ஈஃபெல் கோபுரத்தை இருபது வருடத்துக்குத்தான் கட்ட அனுமதித்தார்கள். 1909-க்குப் பிறகு பிரித்துப்போட வேண்டியது. ஃபெரியே அதன் உச்சியில் ராணுவத்துக்கான கம்பியில்லாத் தந்தியை அமைத்துக் காட்டியதால் கோபுரம் பிழைத்தது. அவர் ஜெனரல் ஆனபின், வயது வரம்பில்லாமல் பணியில் நீடிக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். ஒரு குமாஸ்தாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும். நபருக்காக விதியைத் திருத்திய அரசாங்கம்!

நம் பக்கம் நான் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஆபீஸ் ஒன்றில் வயர்லெஸ் கருவிகளைப் பராமரிக்க ஆள் எடுத்தார்கள். சிக்னல்ஸ் பிரிவில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர் விண்ணப்பித்தார். எல்லையில், பனியில், உயிர் போகிற நேரத்தில் செட்டைச் சரிசெய்தவர். அவர் கையில் ராணுவப் பயிற்சிச் சான்று இருந்தது. விளம்பரத்தில் கேட்டது பட்டயச் சான்று. இரண்டும் சமம் என்று சொல்லும் அரசாணை கோப்பில் இல்லை. "பார்த்துச் சொல்லுங்க ஐயா" என்று மூன்று முறை வந்தார். நாலாவது முறை வரவில்லை. பட்டயம் வைத்திருந்த இளைஞர் வேலைக்கு வந்தார். நல்ல பிள்ளைதான். ஆனால் முதல் வருடம் பூராவும் செட் பழுதானால் வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டோம்.

டீக்கடை நண்பரின் கேள்வியில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சீருடை போட்டவர் எல்லாரும் பெரிய பதவிக்குப் பொருந்திவிட மாட்டார்கள். உத்தரவு போட்டுப் பழகியவருக்குச் சட்டமன்றக் கேள்வி, தணிக்கை ஆட்சேபணை, நிதித்துறையின் "திரும்ப அனுப்புக" எல்லாம் புதுசு. அதற்கு நிர்வாகம் படித்தவர் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் தொலைத்தொடர்பு, இணையப் பாதுகாப்பு மாதிரி இடங்களில், கருவி ஏன் நின்றது என்று தெரியாத தலைவர், விற்க வருகிறவன் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டிவரும். பால்ராஜின் பதிவேட்டில் நான் பார்ப்பது பட்டங்களை அல்ல. மாலுமிகளின் உயிர் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வேலையை, இங்கே இருந்த ஆட்களையும் இங்கே இருந்த பணத்தையும் வைத்து முடித்துக் கப்பலில் ஏற்றினார். மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இதை எழுத நம் படிவத்தில் கட்டம் கிடையாது.

அந்த மனிதரை 47 வயதில் நாம் அனுப்பிவிட்டு, 73 வயதில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கத் திரும்பக் கூப்பிட்டோம். நடுவில் கழிந்தது இருபத்தாறு வருடம். அந்த வருடங்களில் அவர் செய்ததன் பலன் நம் கையில் இருக்கும் போனிலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காப்புரிமை வேறு நாட்டில் பதிவானது.

பந்த், நாயர் போன்றவர்களை அரசாங்கம் தேடி அழைத்தது என்றால், அது நல்ல பழக்கம் என்றே நான் நினைக்கிறேன். அதோடு கீழேயும் பார்க்க வேண்டும். சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றுத் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் திரும்பி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வங்கி வாசலில் காவலுக்கு நிற்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் விண்ணப்பத்தோடு வந்தால், பதவியில் இருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே, சமம் என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை தேடிப் பாருங்கள். இல்லையென்றால், வேண்டும் என்று ஒரு குறிப்பாவது மேலே அனுப்புங்கள்.